உறைபனிக் காலையில் கேமரா ட்ரோன்... படமும் வேண்டும், ட்ரோனும் பத்திரமாகத் திரும்ப வேண்டும்!

ஐப்பசி, கார்த்திகையில் நீர்ப்பனி. அதைத் தொடர்ந்து மாசி வரை உறைபனி. நீலகிரி விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் வரும் சோதனை இது. ஊட்டி, தலைகுந்தா, அவலாஞ்சி, எமரால்டு பகுதிகளில் காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல வெள்ளையாகக் கிடக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தேயிலைக் கொழுந்து கருகியிருக்கும். உருளைக்கிழங்குச் செடி வெந்த கீரைபோலத் துவண்டிருக்கும். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர், பூம்பாறை பக்கத்து விவசாயிகளுக்கும் இந்த வேதனை தெரியும்.

இப்போது ஊருக்கு ஒருவரிடமாவது கேமரா ட்ரோன் இருக்கிறது. கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் தம்பிகள், தோட்டத்தைப் படம் பிடித்துப் போடும் இளைஞர்கள் எனப் பலர் வைத்திருக்கிறார்கள். உறைபனி எங்கே விழுந்தது, எவ்வளவு பயிர் கருகியது என்பதைக் கணக்கெடுக்க இது நல்ல கருவி. ஆனால், சமவெளியில் பறக்கவிடுவதுபோல உறைபனிக் காலையில் பறக்கவிட்டால், பல பத்தாயிரம் ரூபாய் பொருள் நடு வானத்தில் நின்றுபோய்ப் பள்ளத்தில் விழும். கீழே கொழுந்து பறிப்பவர் தலையில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அப்படியானால் குளிரில் ட்ரோனே கூடாதா? கூடும். நமக்குத் தேவையான படத்துக்கு அரை மணி நேரம் பறக்க வேண்டியதில்லை. விடியற்காலை 5 மணிக்கும் பறக்க வேண்டியதில்லை. சரியான நேரத்தில் ஏழெட்டு நிமிடம் பறந்தால் போதும். ஆபத்தில் பாதிக்கு மேல் அதிலேயே குறைந்துவிடும்.

மேலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?

காற்று அசையாத, மேகமில்லாத இரவில் நிலத்தின் சூடு வானத்துக்குப் போய்விடும். நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகும். கனமான காற்று தண்ணீர்போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டுத் தோட்டம் தப்பிக்க, ஓடையை ஒட்டிய பள்ளத் தோட்டம் கருகுகிறது. வழியில் உயரமான வேலியோ, கரையோ, அடர்த்தியான மரவரிசையோ இருந்தால் அதற்கு மேல்பக்கத்தில் குளிர்காற்று அணை கட்டியதுபோல நின்றுவிடும்.

நடந்து பார்க்கும்போது இதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரியும். 60 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழாகப் படம் எடுத்தால், வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சாதாரண கேமரா ட்ரோனில் அந்த உயரத்தில் ஒரு படத்துக்குள் ஏறத்தாழ ஒரு ஏக்கருக்கு மேல் அடங்கும். மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு ஐந்தாறு படங்கள் தாராளம்.

இதற்கு இரண்டு முறை பறக்கவிட்டால் போதும்.

முதல் முறை, உறைபனி விழுந்த அன்று காலை. சூரிய ஒளி மேட்டைத் தொட்டு, பள்ளத்தில் வெள்ளை இன்னும் உருகாமல் இருக்கும் நேரம். இது குளிர் தேங்கும் இடங்களைக் காட்டும்.

இரண்டாம் முறை, இரண்டு மூன்று நாள் கழித்து, நல்ல வெயிலில், முற்பகல் 10 மணி வாக்கில். கருகல் வெளியே தெரிய அவ்வளவு நேரமாகும். இது சேதத்தைக் காட்டும். இந்த முறை குளிர்த் தொல்லை அநேகமாக இல்லை.

ஆக, கவனம் தேவைப்படுவது முதல் முறைக்குத்தான்.

குளிரில் பேட்டரிக்கு என்ன ஆகிறது?

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாகிவிடும். எண்ணெய் எங்கும் போகவில்லை. ஆனால் ஊற்றினால் வராது. லித்தியம் பேட்டரியின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே இருக்கும் திரவத்தின் வழியாக லித்தியம் அயனிகள் இங்குமங்கும் நகர்ந்தால்தான் மின்சாரம் வரும். குளிரில் அந்த நகர்ச்சை மந்தமாகிறது. பேட்டரியின் உள்தடை கூடுகிறது. சார்ஜ் இருந்தும் கேட்ட வேகத்தில் கொடுக்க முடியாமல் போகிறது.

திடீரென மேலே ஏற்றினாலோ, எதிர்க்காற்றில் வேகமாக ஓட்டினாலோ மோட்டார்கள் அதிக மின்சாரம் இழுக்கும். அப்போது குளிர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரியும். திரையில் 45 சதவிகிதம் என்று காட்டிக்கொண்டிருந்தது, கண் மூடித் திறப்பதற்குள் அபாய எச்சரிக்கைக்குப் போகும். பல ட்ரோன்கள் அந்த நிலையில் தானாகவே தரையிறங்கத் தொடங்கிவிடும். கீழே இருப்பது தேயிலையா, குளமா, மின்கம்பியா என்பது அதற்குத் தெரியாது.

எனவே, பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால், குளிர்காலையில் 15 நிமிடம் என்றே கணக்கு வையுங்கள். அதிலும் எட்டு நிமிடத்தில் வேலையை முடித்துத் திரும்புங்கள். சமவெளியில் 20 சதவிகிதத்தில் இறக்குபவர்கள், இங்கே 40 சதவிகிதம் வந்ததும் இறக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு ட்ரோனுக்கும் எந்த வெப்பநிலை வரை பறக்கலாம் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். சில மாடல்களுக்கு 0 டிகிரி செல்சியஸ். சிலவற்றுக்கு மைனஸ் 10 டிகிரி. வாங்கும்போதே இதைப் பாருங்கள். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: வானிலை நிலையத்தின் அளவு, தரைக்கு மேலே நிழலில் உள்ள கூண்டில் எடுப்பது. அங்கே 3 டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் 0 டிகிரிக்குக் கீழே போய் உறைபனி விழுந்திருக்கும். புல்லில் வைத்த ட்ரோன் அந்தக் குளிரைத்தான் வாங்கும்.

உயரம் என்ற இரண்டாவது சிக்கல்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றைக் கீழே தள்ளித்தான் ட்ரோன் மேலே நிற்கிறது. காற்று மெலிந்திருந்தால் இறக்கைகள் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். பேட்டரி அதிகம் செலவாகும்.

கோவையிலோ, ஈரோட்டிலோ பறக்கவிட்டுப் பழகியவர்கள் மலைக்கு வந்ததும் ஏமாறுவது இங்கேதான். குளிர் ஒரு பக்கம் பேட்டரியை மந்தமாக்க, உயரம் இன்னொரு பக்கம் செலவைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தே நேரத்தைத் தின்கின்றன.

முந்தின இரவே தொடங்கும் தயாரிப்பு

பேட்டரியை இரவே முழுதாக சார்ஜ் செய்யுங்கள். அறைக்குள், கண் பார்வையில் சார்ஜ் ஏற வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். ரிமோட்டுக்கும் செல்போனுக்கும் இதே கணக்குதான். குளிரில் செல்போனும் திடீரென அணைந்துபோகும். அணைந்தால் படம் தெரியாது, வரைபடம் தெரியாது.

காலையில் தோட்டத்துக்குப் போகும்போது பேட்டரிகளை ட்ரோனில் மாட்டியே எடுத்துச் செல்லாதீர்கள். ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும் நேரத்தில் பேட்டரி 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. பல ட்ரோன்களின் திரையிலேயே பேட்டரியின் வெப்பநிலையைப் பார்க்கலாம். சாவிக்கொத்து, சில்லறைக் காசு இருக்கும் பையில் பேட்டரியைப் போடக் கூடாது. மின்முனைகள் ஒட்டிக்கொண்டால் தீப்பிடிக்கும்.

உப்பிய பேட்டரியைக் குளிரில் மட்டுமல்ல, எப்போதுமே பயன்படுத்தக் கூடாது.

இறக்கைகளை விரலால் தடவிப் பாருங்கள். குளிரில் பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும். சமவெளியில் தாங்கிய சின்ன விரிசல், இங்கே தாங்காது. விரிசல், முனை உடைவு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

கைக்கு உறை அவசியம். விரல் மரத்துப்போனால் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோம் என்பதே தெரியாது. நுனி வெட்டிய கம்பளி உறை போதும்.

எந்த நேரத்தில் பறக்கலாம்?

உறைபனிக் காலையில் பொதுவாகக் காற்று அசையாது. வெயில் ஏறியபின் சரிவுகள் சூடாகி, பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கிக் காற்று கிளம்பும். எனவே சூரியன் மேட்டைத் தொட்டதிலிருந்து, பள்ளத்து வெள்ளை உருகுவது வரையான நேரமே சரியானது. தோட்டம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். உங்கள் தோட்டத்தில் வெயில் எப்போது விழும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

பனிமூட்டம் இருந்தால் அன்று வேண்டாம். இதில் எந்தச் சமாதானமும் இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, ட்ரோன் கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, 0 டிகிரிக்கு அருகில் உள்ள மூட்டத்தில் மிதக்கும் நுண்துளிகள், சுற்றும் இறக்கையில் பட்டதும் பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் வடிவம் கெட்டால் தூக்கும் சக்தி குறையும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ட்ரோன் அதிரும். பறக்கும்போது வழக்கமில்லாத அதிர்வோ, சத்தமோ கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

பயிரைக் காப்பாற்ற ஸ்பிரிங்க்ளர் ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தூறலுக்குள்ளும் ட்ரோனை விடக் கூடாது. படத்துக்காக ஸ்பிரிங்க்ளரைப் பாதியில் நிறுத்தவும் கூடாது. இலைமேல் இருக்கும் பனி உருகும் முன் தண்ணீரை நிறுத்தினால், ஈரம் ஆவியாகும்போது இலை இன்னும் குளிர்ந்து சேதம் கூடும். பயிர்தான் முதலில், படம் அப்புறம்.

எங்கிருந்து ஏற்றுவது, எங்கே இறக்குவது?

கூடுமானவரை தோட்டத்தின் மேட்டுப் பகுதியிலிருந்து ஏற்றுங்கள். வெயில் அங்கேதான் முதலில் வரும். பள்ளம் முழுக்கக் கண் பார்வையில் இருக்கும். முக்கியமான இன்னொரு காரணமும் உண்டு. திரையில் தெரியும் உயரம், நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. பள்ளத்திலிருந்து ஏற்றி, 40 மீட்டர் உயரத்தில் மேட்டை நோக்கி ஓட்டினால், திரை 40 மீட்டர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். உண்மையில் தரை எழும்பி எழும்பி ட்ரோனின் வயிற்றைத் தொட வந்திருக்கும். மலையில் ட்ரோன்கள் சரிவில் மோதுவது இப்படித்தான்.

தொடர்பு அறுந்தால் தானாகத் திரும்பி வரும் 'ரிட்டர்ன் டு ஹோம்' வசதி எல்லா நல்ல ட்ரோன்களிலும் இருக்கிறது. அது எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை நாம்தான் அமைக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக், ஓரத்தில் கற்பூர மரங்கள் என்று நம் தோட்டங்களில் உயரமான மரங்கள் அதிகம். இருப்பதிலேயே உயரமான மரத்தைவிட 15, 20 மீட்டர் கூடுதலாக அமையுங்கள். மேட்டில் மின்கம்பி போனால் அதையும் கணக்கில் சேருங்கள். ஜி.பி.எஸ். போதிய செயற்கைக்கோள்களைப் பிடித்து, 'ஹோம்' இடம் பதிவானது என்று திரை சொன்ன பிறகே ஏற்றுங்கள். ஆழமான பள்ளத்தில் இதற்கு நேரமாகும், அவசரப்பட வேண்டாம்.

ஈரப்புல்லில் ட்ரோனை வைக்காதீர்கள். இறக்கை சுற்றியதும் பனித்துகளும் ஈரமும் கிளம்பி மோட்டாருக்குள்ளும் கேமராவிலும் படியும். ஒரு பழைய உரச் சாக்கையோ, தார்ப்பாய்த் துண்டையோ விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். அழுத்தமான நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. ட்ரோனின் வயிற்றில் உள்ள சென்சார், தரையில் தெரியும் வடிவங்களைப் பார்த்துத்தான் அசையாமல் நிற்கிறது. ஒரே வெள்ளையாக இருக்கும் தரையில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது; இறங்கும் கடைசி நேரத்தில் தடுமாறும். வெள்ளைக்கு நடுவே ஒரு நீலத் தார்ப்பாய் கிடந்தால் அதற்கும் அடையாளம், நமக்கும் அடையாளம்.

பறக்கும் எட்டு நிமிடம்

ஏற்றியதும் தலை உயரத்துக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். மின்சாரம் ஓடும்போது பேட்டரி தானாகச் சூடாகும். அந்த ஒரு நிமிடத்தில் ட்ரோன் அசையாமல் நிற்கிறதா, அதிர்வு இருக்கிறதா, எச்சரிக்கை ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது சரியில்லை என்றால் இறக்கிவிடலாம், சேதம் இல்லை.

பிறகு மெதுவாக மேலே ஏற்றுங்கள். குச்சியை முழுதாகத் தள்ள வேண்டாம். காற்று இருந்தால் முதலில் எதிர்க்காற்றில் போய்விட்டு, திரும்பும்போது காற்றின் போக்கிலேயே வாருங்கள். தலைகீழாகச் செய்தால், பேட்டரி களைத்த நேரத்தில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேமராவை நேர்கீழாகத் திருப்பி, ஒவ்வொரு படமும் முந்தையதோடு கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி வரிசையாக எடுங்கள். வெள்ளைப் பரப்பைக் கண்டு கேமரா வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துவிடும். படம் சாம்பல் நிறமாக வரும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வைத்தால் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்.

கூடவே ஒருவர் நிற்பது நல்லது. ஓட்டுபவர் திரையைப் பார்க்கும்போது, மற்றவர் வானத்தையும் மின்கம்பியையும் மூட்டம் ஏறுகிறதா என்பதையும் பார்க்கட்டும்.

இறக்கிய பிறகுதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்

குளிர்ந்த ட்ரோனை நேராகச் சமையலறைக் கதகதப்புக்குக் கொண்டுபோனால், குளிர்நீர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பதுபோல ட்ரோனின் உள்ளேயும் வெளியேயும் நீர் படியும். சர்க்யூட் போர்டிலும் லென்ஸுக்குள்ளும் ஈரம் சேர்ந்தால், அன்று தெரியாவிட்டாலும் நாளடைவில் கோளாறு தெரியும்.

வெளியிலேயே துடைத்து, பையில் போட்டு ஜிப்பை மூடி, அதன் பிறகு வீட்டுக்குள் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் பைக்குள் போட்டு வைத்தால் மிச்ச ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பேட்டரியை வந்ததும் வராததுமாக சார்ஜில் போடக் கூடாது. பல ட்ரோன்களின் கையேடுகள் 5 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்கின்றன. உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் உள்ளே போய்ச் சேராமல் மின்முனையின் மேலேயே உலோகமாகப் படியும். அது திரும்பச் சரியாகாது. பேட்டரியின் ஆயுள் குறைவதோடு, உள்ளே குறுக்குத் தொடர்பு ஏற்பட்டுத் தீப்பிடிக்கவும் வழியுண்டு. அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். சில வாரங்களுக்குப் பறக்கவிடப் போவதில்லை என்றால், பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

ஆட்கள், காட்டுமாடு, சட்டம்

கொழுந்து பறிப்பவர்களின் தலைக்கு மேலே ஓட்டக் கூடாது. ஆட்கள் தோட்டத்தில் இறங்கும் முன் முடித்துவிடுங்கள். அல்லது ஆள் இல்லாத பகுதியை மட்டும் எடுங்கள். தேயிலைக்குள் காட்டுமாடு நிற்பது நீலகிரியில் அன்றாடக் காட்சி. ட்ரோன் சத்தத்தில் அது மிரண்டு ஓடும் வழியில் யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. காட்டுமாடோ, யானையோ, கரடியோ கண்ணில் பட்டால் அன்று பறக்கவிட வேண்டாம். முதுமலை புலிகள் காப்பகம், முக்குருத்தி தேசியப் பூங்கா போன்ற வனப்பகுதிகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ட்ரோன் விடவே கூடாது.

2021-ம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி நாடு பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் தோட்டம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி தேவையில்லை. மற்ற இரண்டிலும் அனுமதி வேண்டும். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை ஆகியவை நம் மாவட்டத்திலேயே இருப்பதால், குன்னூர் சுற்றுவட்டார விவசாயிகள் வரைபடம் பார்க்காமல் ட்ரோனைத் தொடவே வேண்டாம். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

படத்தை வைத்து என்ன செய்யலாம்?

உறைபனி விழுந்த காலைப் படத்தையும், கருகிய பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இடம் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அதுதான் உங்கள் தோட்டத்தின் குளிர்க்கிடங்கு. அங்கே தேயிலை நாற்றங்கால் போடாதீர்கள். உறைபனி மாதங்களில் அங்கே உருளைக்கிழங்கு பச்சையாக நிற்காதபடி நடவைத் திட்டமிடுங்கள். தாகைச் செடியை வெட்டித் தேயிலையை மூடும்போது ஆள் பற்றாக்குறை என்றால், முதலில் மூட வேண்டிய வரிசைகள் எவை என்பதைப் படமே சொல்லும். கீழ்ப்பக்க வேலி குளிர்காற்றைத் தேக்குவதாகத் தெரிந்தால், அங்கே ஒரு திறப்பு விட்டால் காற்று வழிந்து வெளியேறும்.

கருகிய கொழுந்தைக் கண்டதும் கத்தியை எடுக்க வேண்டாம். உறைபனிக் காலம் முடிந்து, எதுவரை உயிர் இருக்கிறது என்று தெரிந்தபின் வெட்டுவதே நல்லது. கருகிய இலைகளும் அடியில் உள்ள மொட்டுகளுக்கு ஓரளவு போர்வைதான்.

தேதி, நேரம், உயரம் குறித்துப் படங்களைச் சேமித்து வையுங்கள். தோட்டக்கலைத் துறை அலுவலர் சேதத்தைப் பார்வையிட வரும்போது, கருகிய பகுதியை நேரில் காட்டுவதோடு இந்தப் படங்களையும் காட்டலாம். அடுத்த ஆண்டும் அதே இடத்திலிருந்து, அதே உயரத்தில் எடுத்தால் ஒப்பிட வசதி. ஒரு சிற்றூரில் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரே காலையில் ஒரே ட்ரோனில் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடும்.

வாசகர் கேள்விகள்

"பேட்டரியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கலாமா?" - குந்தா வாசகர்

கூடவே கூடாது. அடுப்பு, ஹீட்டர், வெந்நீர் எதுவும் வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் அதிகம் சூடாகி, பேட்டரி உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். உடம்புச் சூடே போதும். ஸ்வெட்டருக்குள் அரை மணி நேரம் வைத்தால் தேவையான கதகதப்பு வந்துவிடும்.

"கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கும் தம்பியைக் கூலிக்கு அழைக்கலாமா?" - மன்னவனூர் வாசகர்

அழைக்கலாம். 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டினாலும் தேவையில்லை. ஆனால் கூலிக்கு ஓட்டினால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். ட்ரோனுக்குப் பதிவு எண் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அவருக்கு மலைக்குளிர் பழக்கமில்லை என்றால், இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

"பறந்துகொண்டிருக்கும்போதே மூட்டம் சூழ்ந்துவிட்டது. ட்ரோன் தெரியவில்லை. என்ன செய்வது?" - ஊட்டி வாசகர்

முதலில் குச்சிகளிலிருந்து விரலை எடுங்கள். ட்ரோன் இருந்த இடத்திலேயே நிற்கும். திரையில் உயரத்தைப் பாருங்கள். மரங்களைவிடத் தாழ்வாக இருந்தால் நேராக மேலே ஏற்றுங்கள், பக்கவாட்டில் ஓட்டாதீர்கள். பிறகு 'ரிட்டர்ன் டு ஹோம்' பொத்தானை அழுத்துங்கள். தலைக்கு மேலே சத்தம் கேட்டதும், கேமராவைக் கீழே திருப்பித் தார்ப்பாயைத் தேடி மெதுவாக இறக்குங்கள். அன்று மறுபடி ஏற்ற வேண்டாம்.

"கனடாவில் இருக்கும் அக்கா மகன் பனிப்பொழிவிலேயே ட்ரோன் விடுகிறான். அதையே இங்கே கொண்டுவரச் சொல்லலாமா?" - கோத்தகிரி வாசகர்

வேண்டாம். 2022 பிப்ரவரி 9-ம் தேதி மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. பரிசாகக் கொண்டுவந்தாலும் விமான நிலையச் சுங்கத்தில் பிடித்துவைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இங்கே சட்டப்படி விற்கும் ட்ரோனைப் பார்த்து வாங்குங்கள். தவிர, பெய்துகொண்டிருக்கும் பனியில் ட்ரோன் விடுவது அங்கேயும் நல்ல பழக்கமில்லை. மோட்டாருக்குள் போன பனி உருகினால் தண்ணீர்தான்.

"குடும்பத்தோடு மணாலி போகிறோம். ட்ரோன் எடுத்துப் போகலாமா?" - கூடலூர் வாசகர்

போகும் இடத்தின் மண்டலத்தை வரைபடத்தில் பார்த்து, அந்த ஊர்க் காவல்துறையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மலை மாநிலங்களில், எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு. விமானத்தில் போவதாக இருந்தால், உதிரி பேட்டரிகளைக் கீழே அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. மின்முனைகளுக்கு டேப் ஒட்டிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். பனி பெய்யும்போது பறக்கவிடாதீர்கள். நின்று வானம் தெளிந்தபின் ஏற்றுங்கள். நம் தோட்டத்துக்குச் சொன்ன தார்ப்பாய், ஸ்வெட்டருக்குள் பேட்டரி, 40 சதவிகிதத்தில் இறக்கம், ஜிப் மூடிய பை ஆகிய நான்கும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.